சோவாவேயில் கேட்ட ஒரு சொல்

1

எங்கள் கடையில் வைன் அடுக்குகிற தட்டின் கீழ் வரிசையில் ஒரு இத்தாலி வெள்ளை வைன் இருக்கிறது. பெயர் சோவாவே. லேபிளில் மதில் சூழ்ந்த ஒரு கோட்டை. மேல் வரிசையில் வைத்தால் இன்னும் இரண்டு போத்தல் கூட விற்கும். ஆனால் கல்லாவில் நிற்கும்போது அந்தக் கோட்டை என் கண்ணுக்கு நேரே வரும். அதனால் கீழே வைத்திருக்கிறேன்.

லண்டன் மனோர் பார்க்கில் இதை வாங்குகிறவர்கள் குறைவு. வாங்க வருகிறவர்கள் குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது டிரையா?" என்று கேட்பார்கள். டிரை என்றால் இனிப்பு இல்லாதது. இதை என் மனைவிக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு போதும். "குடிக்கிற சாமான் எப்பிடியப்பா காய்ஞ்சிருக்கும்? உங்களுக்கும் உங்கட வைனுக்கும் விசர்" என்பாள்.

டிரைதான். முதலில் தேசிக்காய்ப் புளிப்பு, முடிவில் அடிநாக்கில் பாதாம்பருப்பின் மெல்லிய கசப்பு. பழத்தில் இருந்த சீனி முழுவதும் பொங்கிப் புளித்துத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சீனி போகிற வழி இரண்டு. ஒன்று குடித்தால் ஏறுகிற வெறியாகிறது, மற்றது காற்றாகிறது. வெறி போத்தலுக்குள் வந்து சேரும். காற்றைப் பற்றி லேபிளில் ஒருவரும் எழுதுவதில்லை.

இந்த ஐப்பசியோடு, இத்தாலியில் என்னோடு வேலை செய்த என் கூட்டாளி குகன் செத்துப் பத்தொன்பது வருசம். வைன் செய்கிற இடத்தில் குடித்துவிட்டுத் தொட்டிக்குள் விழுந்து செத்தவன் என்றுதான் லண்டனில் எங்கட ஆக்களுக்குத் தெரியும். வெம்பிளியில் ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் முகத்துக்கு நேரேயே ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் தொடர்ந்து தின்றேன்.

குகன் ஒரு நாளும் குடித்தவன் இல்லை. அது எனக்குத் தெரியும். அவன் ஏன் உள்ளே போனான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான். போன மாதம்தான் முதல்தரம் வாயைத் திறந்தேன். என்ன நடந்தது என்று ஊரில் இருக்கிற நீங்களும் அறிய வேண்டும்.

2

சோவாவே என்பது ஊரின் பெயரும்தான். வெரோனாவில் இருந்து கிழக்கே ட்ரெயினில் கொஞ்ச நேரம். ஊரைச் சுற்றி மதில், மேட்டில் கோட்டை, கோட்டைக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்கக் கொடி. ஒரு காலத்தில் எரிமலை கக்கின இடமாம். ஒரு பக்கம் மண் கறுப்பு, மற்றப் பக்கம் சுண்ணாம்பு. குளிர்காலத்தில் பனிப்புகார் இறங்கினால் நாட்கணக்கில் கோட்டை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. படத்தில் பார்க்கிற இத்தாலியை நினைத்துக்கொண்டு போனால் அழுகைதான் வரும். நான் போய்ச் சேர்ந்தது அப்படியொரு மார்கழியில்.

பழத்தின் பெயர் கர்கானேகா. பிந்திப் பழுக்கும், தோல் தடிப்பு. கொடியைப் பந்தலில் விடுவார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் முந்திரிகை என்று சொல்வது இந்தத் திராட்சையைத்தான். குகனின் தகப்பனுக்கு உரும்பிராயில் முந்திரிகைத் தோட்டம் இருந்தது. அவனை நான் முதல்நாள் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

"எங்கட பந்தல்தான் மச்சான். கொஞ்சம் சரிச்சுப் போட்டிருக்கிறாங்கள்" என்றான்.

அதுதான் அவன் சோவாவேயைப் பற்றிச் சொன்ன முதல் அபிப்பிராயம். மனைவி வதனியும் நாலு வயது மகள் ஆரணியும் அவனும் பக்கத்து ஊரில் ஒற்றை அறையில் இருந்தார்கள். அவனிடம் சொஜோர்னோ இருந்தது. சொஜோர்னோ என்றால் வதிவிட அனுமதி. எங்களுக்குள் ஒருவன் ஆளா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அந்த அட்டைதான். என்னிடம் அது இருக்கவில்லை. பொலிஸ்காரன் தெருவில் ஐஸ்கிறீம் வாங்கினாலும் நான் மற்றப் பக்கத்தால் போகிறவன்.

என் மகன் வெரோனாவில் பிறந்தவன். இப்போது அவனிடம் இத்தாலியும் இல்லை, தமிழும் அரைகுறை. "நீங்கள் உண்மையாவே வைனரியில வேலை செய்தனீங்களா அப்பா? கூல்" என்று ஒரு நாள் சொன்னான்.

3

பழம் ஆய்ந்து முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் உள்வேலைக்கு எடுத்தார்கள். பழைய இடம். மலையடிவாரத்தில் ஒரு குடும்பத்தின் சொந்த வைன் கூடம். சீமெந்தால் கட்டின பெரிய தொட்டிகள். மேலே ஒரு வாய், அடியில் ஆள் நுழையக்கூடிய ஒரு சின்ன இரும்புக் கதவு. வைனை வேறு தொட்டிக்கு மாற்றினபிறகு அடியில் சேறு மாதிரி மண்டி கிடக்கும். கீழ்க்கதவால் நுழைந்து அதை வழித்து, குழாயால் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். அதுதான் எங்கள் வேலை.

எங்களுக்கு மேலே ரென்சோ என்றொரு மனுசன். அறுபதைத் தாண்டியவர். நல்ல மனுசன். மத்தியானம் தன் பாணில் பாதியைப் பிய்த்து நீட்டுவார். வைனை வாயில் வைத்துத் துப்பி ருசி பார்க்க எனக்குப் பழக்கினதும் அவர்தான்.

தொட்டிக்குள் காற்றுத் தேங்கி நிற்கும். நெடி இருக்காது, நிறம் இருக்காது, மூச்சில் இழுத்தால் ஆள் அந்த இடத்திலேயே விழுந்து செத்துப்போவான். ரென்சோ ஏணியில் ஏறி மேல்வாயால் ஒரு மெழுகுதிரியைக் கம்பியில் கட்டி இறக்குவார். திரி எரிந்தால் ஆள் நுழையலாம். அணைந்தால் நுழையக்கூடாது. கருவி எல்லாம் பெரிய இடங்களில் இருந்தது. அங்கே திரிதான்.

முதல் கிழமை அவர் என்னிடம், உங்கள் பாசையில் ஒருவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். "வா" என்றேன். மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். இத்தாலியில் "வா" என்றால் போ. அப்படியென்றால் போகச் சொல்ல என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். "போ" என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார். போ என்பது அங்கே ஓடுகிற பெரிய ஆற்றின் பெயர்.

அன்று தொடங்கியது. திரி எரிந்தால் மேலே இருந்து "வா, வா" என்று கத்துவார். நாங்கள் கீழே நுழைவோம். தன் பாசையில் போ என்று சொல்ல இரண்டு கறுத்த ஆட்கள் வருகிறார்கள் என்பது அவருக்கு அந்தப் பருவம் முழுவதற்கும் போதுமான பகிடி. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கூடத்துக்குள் ரென்சோவின் வாயில் வருகிற "வா" தமிழ் என்பது எங்களுக்குள் முடிந்த விசயம் ஆகிவிட்டது.

4

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரணி கடைக்கு வந்தாள். குகன் செத்த அடுத்த வருசமே வதனி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே லண்டனில், மோர்டனில் இருந்த தன் தமையனிடம் வந்துவிட்டாள். எந்தப் பேப்பரில் வந்தாள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை, அதெல்லாம் பிறகு சரியாகிவிட்டது. நான் கன வருசம் பிந்தி இத்தாலிப் பாஸ்போட்டோடு வந்தேன். தீபாவளிக்குப் போன் எடுப்போம். நேரே போவதை நான் தவிர்த்துக்கொண்டேன். கடை, ஷிப்ட், நாரி நோ என்று என்னிடம் சாட்டுக்குப் பஞ்சம் இல்லை.

ஆரணிக்கு இப்போது இருபத்து மூன்று வயது. நெற்றி அப்படியே தகப்பனுடையது. பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பம் நிரப்புகிறாளாம். அதில் தகப்பனின் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்கிறார்கள். இத்தாலிக்காரர் குகனின் பேரையும் அவன் தகப்பன் பேரையும் முன்பின்னாக மாற்றிப் போட்டு வைத்திருந்ததால், எது சரியென்று பார்க்கத் தாயின் பழைய ஃபைலைத் திறந்திருக்கிறாள். மரணச் சான்றிதழுக்குப் பின்னால் ஒரு கட்டுப் பேப்பர் இருந்திருக்கிறது. பொலிஸ் விசாரணை அறிக்கை. பத்தொன்பது வருசமும் அந்த வீட்டில் அதை வாசிக்க ஆள் இருக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவன் இரண்டு ட்ரெயின் தூரத்தில் கடை நடத்திக்கொண்டிருந்தான்.

"போனில ட்ரான்ஸ்லேற் பண்ணிப் பாத்தனான் மாமா" என்றாள். "பிளட்டில அல்கஹோல் இல்லையெண்டு கிடக்கு. அப்பா குடிச்சிருக்கேல்லை."

"ஓம் பிள்ளை. அவன் குடிக்கிறேல்லை."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவள் ஒரு பக்கத்தை என் முன்னால் தள்ளினாள்.

"இஞ்ச, அந்த ஓல்ட் மேன் சொல்லியிருக்கிறார். 'கோ, கோ அவே' எண்டு கத்தினவராம். நீங்களும் கேட்டனீங்களெண்டு எழுதிக் கிடக்கு. பிறகு அப்பா உள்ள போயிருக்கிறார். ஏன் மாமா?"

"அம்மாவுக்குக் காட்டினியா?"

"இல்லை. அம்மா குடிச்சதெண்டே நினைச்சுக்கொண்டு இருக்கட்டும். குடிச்சதெண்டால் ஆக்ஸிடென்ற். குடிக்காமல், போகச் சொல்லியும் உள்ள போனவரெண்டால்..." அவள் பேப்பரின் ஓரத்தை மடித்தாள். "ஹி வோண்டட் ரு டை. அதுதானே மாமா? எங்களை விட்டிட்டுப் போக நினைச்சவர்தானே?"

வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். பொய் சொல்வது எனக்குப் புதிதும் அல்ல. ஆனால் இருபத்து மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, தகப்பன் தன்னை வேண்டாம் என்று செத்தவன் என நினைத்துக்கொண்டு என் முன்னால் நிற்கிறது. போய்க் கடைக் கதவைப் பூட்டி, பலகையைத் திருப்பிவிட்டு வந்தேன்.

"பிள்ளை, அந்த வரியை இங்கிலீசில வேண்டாம். அவங்கள் எழுதின மாதிரியே இத்தாலியில வாசி. சத்தமா வாசி."

அவள் போனை வைத்துவிட்டு விரலால் தேடினாள். இத்தாலி அவளுக்கு மறந்தே போய்விட்டது. எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள்.

"வா" என்று வாசித்தாள். "வா. வா வியா."

வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திரும்பவும் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

5

அன்று நடந்ததை அவளுக்குச் சொன்னேன். மெழுகுதிரியையும் பகிடியையும் சொன்னேன். ரென்சோவுக்கு அந்தச் சொல்லைப் பழக்கினது நான்தான் என்பதையும் சொன்னேன்.

ரென்சோ மேலே ஏறித் திரியை இறக்கினார். குகன் கீழ்க்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மண்வாரியோடு குந்தியிருந்தான். நான் பத்தடி தள்ளிக் குழாயைச் சுற்றிக்கொண்டு நின்றேன். திரி அணைந்துவிட்டது. அது எங்களுக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். மனுசன் பதறிப்போனார். பதறினவுடன் அவருக்குத் தன் பாசைதான் வந்தது. "வா! வா வியா!" என்று கத்தினார். போ, தள்ளிப் போ என்று.

இவ்வளவையும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவளும் அதோடு போயிருப்பாள். ஆனால் இன்னும் ஒன்று இருந்தது. அதை நான் மனைவிக்கும் சொன்னதில்லை.

குகன் உடனே நுழையவில்லை. வழக்கத்தைவிட ஏதோ கூடக் கேட்டதால் திரும்பி என்னைப் பார்த்தான்.

"என்ன மச்சான் சொல்லுறார்?" என்று கேட்டான்.

நான் குழாயில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கும் அந்த வழக்கமான "வா"தான் கேட்டது.

"கூப்பிடுறார் மச்சான். போ" என்றேன்.

அவன் போனான்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. மண்வாரி விழுந்த சத்தம் மட்டும்தான். நான் ஓடிப்போய்க் கதவுக்குள் தலையை விட்டேன். ஏணியால் இறங்கி ஓடிவந்த ரென்சோ பின்னால் இருந்து என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்து எறிந்தார். "வா வியா!" என்று என் முகத்தில் கத்தினார். அந்த முறை எனக்கு இத்தாலி விளங்கியது.

பொலிஸ் வருவதற்கு முதல் முதலாளி என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல், உன் சொஜோர்னோவை நான் பார்க்கிறேன் என்றார். பொலிஸ்காரன் கேட்டான்: அவர் கத்தினது உனக்குக் கேட்டதா? கேட்டது. என்ன கத்தினார்? வா. பிறகு இறந்தவர் என்ன செய்தார்? உள்ளே போனார். எழுதிக் கையெழுத்து வாங்கினான். அதில் ஒரு பொய் இல்லை. எங்கள் பாசையில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவன் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிழை இடத்துக்காரர் மேல் வந்திருக்கும். சொல்லாததால் பிழை குகன் மேல் வந்தது. அடுத்த வருசம் எனக்குச் சொஜோர்னோ கிடைத்தது. பாஸ்போட், லண்டன், இந்தக் கடை எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

செத்தவீட்டில் ரென்சோ என் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் ஏன் போனான், நான் கத்தினேனே, ஏன் போனான் என்று கேட்டு அழுதார். தெரியாது என்றேன். அவருக்கும் உண்மையைச் சொல்லவில்லை.

6

ஆரணி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் ஆறுதலாகவும் இருந்திருக்கும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அம்மாவுக்குச் சொல்லுங்கோ. நான் சொல்ல ஏலாது. நீங்கள்தான் சொல்லோணும்."

நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கல்லா மேசையில் வைத்தாள். மற்றப் பக்கம் குக்கர் விசிலடிக்கிற சத்தம் கேட்டது.

"வதனி, நான் சிவா."

"ஓம் அண்ணை. ஆரணி அங்க வாறனெண்டு சொன்னவள். சாப்பிட்டவளோ?"

சொன்னேன். கதையைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். குகன் குடிக்கவில்லை என்பதில் தொடங்கினேன். அந்த மனுசன் போ என்று கத்தினது குகனுக்கு வா என்று கேட்டது என்றேன். அந்தச் சொல்லைப் பழக்கினது நான் என்றேன். அவன் என்னிடம் திரும்பிக் கேட்டபோது, போ என்று அனுப்பினதும் நான்தான் என்றேன். அங்கே அடுப்பை நிறுத்தின சத்தம் கேட்டது.

"வதனி?"

"இருக்கிறன்" என்றாள். "அவர் குடிக்கேல்லையெண்டு எனக்குத் தெரியும் அண்ணை. குடிச்சவரெண்டு முதல்முதல் சொன்னதே நான்தான்."

ஆரணி என்னைப் பார்த்தாள். எனக்கும் விளங்கவில்லை.

"அண்டைக்குக் காலமை எங்களுக்குள்ள சண்டை. ஒண்டுமில்லாத விசயம். அந்த அறையில சுவரெல்லாம் ஈரம், பிள்ளைக்கு இருமல், வேற இடம் பாருங்கோ எண்டு கத்தினனான். அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டவர். எங்கயெண்டாலும் போய்த் துலையுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு நான் அவரை உயிரோட பாக்கேல்லை." மூச்சு எடுத்தாள். "பொலிசோட வந்த மொழிபெயர்ப்புக்காரன் சொன்னான், தள்ளிப் போகச் சொல்லியும் உங்கட மனுசன் தானா உள்ள போனவரெண்டு. எனக்கு அப்ப விளங்கினது ஒண்டுதான். நான் சொன்னதைக் கேட்டுத்தான் போயிட்டார். இதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வளர்க்கேலுமே? அதுதான் குடிச்சவரெண்டு சொன்னனான். சனமும் நம்பிச்சுது."

"அம்மா" என்றாள் ஆரணி.

"வதனி, எனக்கு இது தெரியாது" என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும். நீங்கள் எங்கட வீட்டுப் பக்கமே வாறேல்லை."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

"நான்தான் அவரைச் சாகடிச்சனானெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான் அண்ணை. ஒவ்வொரு நாளும். அவர் அந்தச் சொல்லை வா எண்டு கேட்டுத்தான் போனவரெண்டு உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம்" என்றேன்.